வட்டி தீர்ந்துபோன பிறகு: மத்திய வங்கி எந்தக் கருவியை எடுப்பது?

பொருளாதாரம் படுத்துவிட்டால் மத்திய வங்கி வட்டியைக் குறைக்கும். கடன் மலிவாகும். வீடு கட்ட நினைத்தவர் கட்டுவார், தொழில் செய்பவர் இயந்திரம் வாங்குவார், கொஞ்ச நாளில் எல்லாம் ஓட ஆரம்பிக்கும். பாடப்புத்தகத்தில் இருக்கும் கதை இவ்வளவுதான். ஜப்பானில் 1999-லேயே இந்தக் கதை முடிந்துபோனது. அமெரிக்காவில் 2008 டிசம்பரில் மத்திய வங்கியான ஃபெடரல் ரிசர்வ் (சுருக்கமாக ஃபெட்) தன் வட்டியைப் பூஜ்ஜியத்துக்கும் கால் சதவீதத்துக்கும் நடுவில் கொண்டுபோய் நிறுத்தியபோது முடிந்தது. குறைக்க இனி வட்டி இல்லை, பொருளாதாரமோ எழுந்திருக்கவில்லை. அடுத்து என்ன செய்வது?

இதற்கு இதுவரை ஐந்து பதில்கள் வந்திருக்கின்றன. சந்தையில் உள்ள அரசுப் பத்திரங்களை மத்திய வங்கியே வாங்கிக் குவிப்பது. வட்டியைப் பூஜ்ஜியத்துக்கும் கீழே இறக்குவது. நீண்டகாலப் பத்திரத்தின் வட்டிக்கு உச்சவரம்பு கட்டுவது. ‘இன்ன வருஷம் வரை வட்டியை ஏற்றமாட்டோம்’ என்று முன்கூட்டியே வாக்குக் கொடுப்பது. குறிப்பிட்ட துறைக்குப் போய்ச் சேரவேண்டும் என்ற நிபந்தனையோடு வங்கிகளுக்கு மலிவான நீண்டகாலக் கடன் தருவது. மரபுசாராப் பணக்கொள்கை என்ற பெரிய பெயருக்குள் இருப்பவை இவைதான். நம் ரிசர்வ் வங்கி வட்டியைப் பூஜ்ஜியத்துக்குக் கொண்டுபோனதே இல்லை. ஆனாலும் 2020-இலும் 2021-இலும் இவற்றில் பலவற்றைக் கையில் எடுத்தது. ஆகவே இது வெளிநாட்டுக் கதை மட்டும் இல்லை.

இந்தக் கருவிகளை ஒப்பிடும் பெரும்பாலான கட்டுரைகள், எது எத்தனை புள்ளி வட்டியைக் குறைத்தது என்று கணக்குப் போடும். எனக்கு அதில் அவ்வளவு ஆர்வமில்லை. முதல் நாளில் எல்லாக் கருவியும் வேலை செய்யும். அறிவிப்பு வந்ததும் சந்தை துள்ளும், மறுநாள் செய்தித்தாளில் மத்திய வங்கி ஆளுநரின் படம் வரும். வெளியே வரும் நாளில்தான் ஒவ்வொன்றின் சுயரூபமும் தெரிகிறது. அந்தக் கோணத்தில் பார்த்தால் அளவை உறுதி செய்யும் கருவி, விலையை உறுதி செய்யும் கருவி என்று இவை இரண்டாகப் பிரிந்துவிடும். முதல் வகை பெரும்பாலும் தப்பித்துக்கொண்டது, இரண்டாம் வகை பெரும்பாலும் மாட்டிக்கொண்டது.

பத்திரக் கொள்முதல்

‘நோட்டு அடிக்கிறார்கள்’ என்று எல்லோரும் சொல்வது இதைத்தான். நடப்பதைக் கிட்டத்தில் பார்க்கலாம். ஒரு வங்கியிடம் 100 ரூபாய் முகமதிப்புள்ள பத்து ஆண்டு அரசுப் பத்திரம் இருக்கிறது, ஆண்டுக்கு 6 ரூபாய் வட்டி. மத்திய வங்கி சந்தையில் இறங்கி வாங்கத் தொடங்கியதும் அதன் விலை ஏறி 107 ரூபாய் 70 காசு ஆகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்று அந்த விலைக்கு வாங்குபவருக்கும் கிடைக்கப்போவது அதே 6 ரூபாய் வட்டிதான், முதிர்வில் வரப்போவது அதே 100 ரூபாய்தான். ஆக அவருடைய உண்மையான வருவாய், சந்தைக்காரர்கள் ‘ஈல்டு’ என்பது, 6 சதவீதத்திலிருந்து 5-க்கு இறங்கிவிட்டது. அரசுப் பத்திரத்தின் ஈல்டு இறங்கினால் கம்பெனிப் பத்திரம், வீட்டுக்கடன் எல்லாம் பின்னாலேயே இறங்கும். இதுதான் நோக்கம்.

பத்திரத்தை விற்ற வங்கிக்கு நோட்டுக்கட்டு எதுவும் போவதில்லை. மத்திய வங்கியில் அந்த வங்கிக்கு இருக்கும் கணக்கில் ஒரு எண் கூடுகிறது. அந்த எண்ணை அது இன்னொரு வங்கிக்கு மாற்றலாம், அங்கேயே வைத்திருக்கலாம். கடன் கேட்டு நல்ல ஆள் வந்தால்தான் அது கடைத்தெருவுக்கு வரும். 2008-க்குப் பிறகு அமெரிக்காவில் இத்தனை டிரில்லியன் (ஒரு டிரில்லியன் என்பது ஒரு லட்சம் கோடி) டாலர் உருவாக்கியும் பத்து ஆண்டுகளாக விலைவாசி வேகமாக ஏறாமல் இருந்ததற்கு இது பெரிய காரணம். 2020-க்குப் பிறகு அரசாங்கமே மக்கள் கணக்கில் நேரடியாகக் காசோலை போட்டது, பொருள் வரத்தும் அறுந்தது. 2022 ஜூனில் அங்கே பணவீக்கம் 9.1 சதவீதத்தைத் தொட்டது. பழியைப் பத்திரக் கொள்முதலின் மேல் மட்டும் போடுவது நியாயமில்லை.

இந்தக் கருவியை முதலில் கையிலெடுத்தது ஜப்பான், 2001 மார்ச்சில். அப்போது வங்கிகளின் நடப்புக் கணக்கு இருப்பை 5 டிரில்லியன் யென்னுக்குக் கொண்டுவருவோம் என்று இலக்கு வைத்தார்கள். 2004-இல் அது 30 முதல் 35 டிரில்லியன் வரை உயர்ந்தது. 2006-இல் நிறுத்தினார்கள். பெரிய ஆர்ப்பாட்டம் எதுவும் இல்லாமல் பணம் சில மாதங்களில் வடிந்துவிட்டது. காரணம், அப்போது வாங்கியதில் குறுகியகாலப் பத்திரங்களும் குறுகியகாலக் கடன்களும் நிறைய இருந்தன.

அமெரிக்காவின் அனுபவம் இன்னும் பாடம் தருவது. 2010 நவம்பரில் அறிவித்த இரண்டாம் சுற்றுக் கொள்முதலுக்கு 60,000 கோடி டாலர் என்று அளவு, 2011 ஜூன் என்று தேதி, இரண்டும் இருந்தன. தேதி வந்தது, நிறுத்தினார்கள், யாரும் அதற்காக அலறவில்லை. மூன்றாம் சுற்று 2012 செப்டம்பரில் தொடங்கியது. மாதத்துக்கு 4,000 கோடி டாலர், சில மாதங்களில் அதுவே 8,500 கோடி டாலர். எப்போது முடியும் என்று சொல்லவில்லை, வேலைவாய்ப்புச் சந்தை தேறும்வரை என்றார்கள். 2013 மே 22 அன்று ஃபெடின் அன்றைய தலைவர் பென் பெர்னான்கி நாடாளுமன்றக் குழுவின் முன் பேசும்போது, அடுத்த சில கூட்டங்களில் வேகத்தைக் குறைக்கக்கூடும் என்று சாதாரணமாகச் சொன்னார். நிறுத்துவோம் என்றுகூடச் சொல்லவில்லை. அமெரிக்கப் பத்து ஆண்டு ஈல்டு 2 சதவீதத்திலிருந்து சில மாதங்களில் 3-ஐ நெருங்கியது. நம் ரூபாய் 55-லிருந்து ஆகஸ்ட் 28 அன்று 68-ஐத் தாண்டிப் போனது. ரிசர்வ் வங்கி ஜூலையிலேயே தன் அவசரக்கடன் வட்டியை 10.25 சதவீதத்துக்கு ஏற்றியிருந்தது, அதுவும் போதவில்லை. செப்டம்பரில் ஆளுநராகப் பொறுப்பேற்ற ரகுராம் ராஜன் வெளிநாடுவாழ் இந்தியர்களின் டாலர் வைப்புகளுக்கும் வங்கிகளின் வெளிநாட்டுக் கடனுக்கும் சலுகைத் திட்டம் கொண்டுவந்து, சுமார் 3,400 கோடி டாலர் திரட்டிய பிறகுதான் மூச்சு வந்தது. வாஷிங்டனில் தேதி போடாமல் விட்டதற்கான விலையைக் கட்டியவர்களில் நாமும் இருந்தோம்.

இதற்கு நேர் எதிரான உதாரணம் பிரிட்டன். 2022 செப்டம்பர் கடைசியில் அங்கே அரசின் மினி பட்ஜெட்டுக்குப் பிறகு 30 ஆண்டுப் பத்திரங்களின் விலை சரிந்து, ஓய்வூதிய நிதிகள் பிணையத்தொகை கட்ட முடியாமல் பத்திரங்களை விற்க, விற்பனையால் விலை இன்னும் சரிய, அது ஒரு சுழலாக மாறிவிட்டது. பாங்க் ஆஃப் இங்கிலாந்து செப்டம்பர் 28 அன்று உள்ளே வந்தது. அதிகபட்சம் 6,500 கோடி பவுண்டு, கடைசி நாள் அக்டோபர் 14. நீட்டிக்கச் சொல்லி நெருக்கடி வந்தது, ஆளுநர் ஆண்ட்ரூ பெய்லி முடியாது என்றார். கடைசியில் வாங்கியது 1,930 கோடி பவுண்டுக்குத்தான். 2023 ஜனவரிக்குள் அத்தனையும் விற்றுத் தீர்த்தார்கள். இத்தனைக்கும் அதே நேரத்தில் அந்த வங்கி பணவீக்கத்தை அடக்க வட்டியை ஏற்றிக்கொண்டிருந்தது. தீயணைக்கப் பத்திரம் வாங்குவதும் பொருளாதாரத்தைத் தூண்டப் பத்திரம் வாங்குவதும் வேறு வேறு என்பதை இவ்வளவு தெளிவாக வேறு எந்த நிகழ்வும் காட்டவில்லை.

குவித்த பத்திரங்களுக்குப் பின்னால் வரும் செலவையும் சொல்லியாக வேண்டும். 2008-க்கு முன் சுமார் 90,000 கோடி டாலராக இருந்த ஃபெடின் இருப்புநிலை, அதாவது அதன் கைவசமுள்ள சொத்தின் மொத்தம், 2022-இல் 9 டிரில்லியனை நெருங்கியது. வாங்கிய பத்திரங்கள் பெரும்பாலும் 2 சதவீதத்தை ஒட்டியே வட்டி தருபவை. அவற்றுக்குப் பதிலாக வங்கிகளின் கணக்கில் போட்ட தொகைக்கோ, 2023-இல் 5 சதவீதத்துக்கு மேல் வட்டி கொடுக்க வேண்டியதாயிற்று. அந்த ஒரே ஆண்டில் ஃபெடின் நஷ்டம் 11,430 கோடி டாலர். வழக்கமாக அரசு கருவூலத்துக்குப் போகும் உபரி நின்றுபோனது. ‘மத்திய வங்கிக்கு நஷ்டம் ஒரு பொருட்டே இல்லை’ என்று பொருளாதார அறிஞர்கள் சொல்வார்கள், கணக்கியல்படி அது சரி. ஆனால் வரவேண்டிய உபரி வராதபோது அரசு வேறு எங்கோ கடன் வாங்கித்தான் அதை ஈடுகட்ட வேண்டும்.

மைனஸ் வட்டி

இதைப் பற்றி நிறையச் சொல்ல ஒன்றுமில்லை. 2012-இல் டென்மார்க், 2014 ஜூனில் ஐரோப்பிய மத்திய வங்கி, பிறகு சுவிட்சர்லாந்து, சுவீடன், 2016 ஜனவரி 29-இல் ஜப்பான். மத்திய வங்கியில் பணத்தைப் போட்டுவைக்கும் வங்கி அதற்குக் கட்டணம் கட்ட வேண்டும், ஆகவே பணத்தை வெளியே கடனாகத் தள்ளிவிடும் என்பது எண்ணம். டென்மார்க்கில் ஒரு வங்கி 2019-இல் மைனஸ் அரை சதவீதத்துக்கு வீட்டுக்கடன் கொடுத்தது. அதாவது கடன் வாங்கியவர் வாங்கியதைவிடக் குறைவாகத் திருப்பிக் கட்டினால் போதும். (கமிஷன், கட்டணம் எல்லாம் சேர்த்தால் கடைசியில் வங்கிக்குத்தான் லாபம், அது வேறு விஷயம்.)

ஜப்பானில் கொள்கைக்குழு 5-க்கு 4 என்ற ஓட்டில் மைனஸ் 0.1 சதவீதத்தை நிறைவேற்றியது. யென் பலவீனமாகும் என்று எதிர்பார்த்தார்கள், சில நாட்களில் அது வலுவானது. வங்கிப் பங்குகள் சரிந்தன. வீட்டில் வைக்கும் இரும்புப் பெட்டிகளின் விற்பனை கூடியதாகச் செய்திகள் வந்தன. சுவீடன் 2019 டிசம்பரில் தானாகவே கழன்றுகொண்டது. சாதாரண வைப்பாளருக்கு எந்த வங்கியும் மைனஸ் வட்டி போட விரும்பாது, போட்டால் அவர் காசை எடுத்துக்கொண்டு போய்விடுவார். ஆக அந்தச் சுமை வங்கியின் லாபத்தில் விழுகிறது. லாபம் குறைந்த வங்கி தைரியமாகக் கடன் கொடுப்பதில்லை.

இந்தியாவுக்கு இது ஒத்துவராது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. நம் வீடுகளின் சேமிப்பில் வங்கி வைப்பு பெரும்பங்கு. ஓய்வுபெற்றவர்களின் மாதச் செலவு பல வீடுகளில் எஃப்டி வட்டியில்தான் ஓடுகிறது. 2020 மே கடைசியில் ஸ்டேட் வங்கி ஐந்து முதல் பத்து ஆண்டு வைப்புக்கு 5.4 சதவீதம் கொடுத்தது. அந்த நிதியாண்டின் சராசரிப் பணவீக்கம் 6.2 சதவீதம். மைனஸ் என்ற சொல்லையே உச்சரிக்காமல் வைப்பாளரின் உண்மையான வட்டி மைனஸுக்குப் போய்விட்டிருந்தது. அதற்கு மேலும் கேட்பது அநியாயம்.

ஈல்டுக்கு உச்சவரம்பு

நான் அதிகம் பயப்படும் கருவி இதுதான். அறிவிக்கும் நாளில் இதைவிட அழகானது வேறு இல்லை என்பதுதான் ஆபத்தே. பத்திரக் கொள்முதலில் மத்திய வங்கி ‘இவ்வளவுக்கு வாங்குவேன், விலை என்ன ஆகிறதோ ஆகட்டும்’ என்கிறது. இதிலோ ‘ஈல்டு இதற்கு மேல் போகாது, அதற்காக எவ்வளவு வேண்டுமானாலும் வாங்குவேன்’ என்கிறது. நேரடி நெல் கொள்முதல் நிலையத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அரசு விலை வெளிச்சந்தை விலையைவிடக் குறைவாக இருக்கும்வரை வாசலில் ஆள் இருக்காது, சும்மா விலைப்பலகை மட்டும் தொங்கும். வெளிவிலை சரிந்த வருஷம் வண்டி வரிசை ஊரெல்லை தாண்டும், வந்த மூட்டையை எல்லாம் எடுத்தாக வேண்டும்.

ஜப்பான் 2016 செப்டம்பரில் பத்து ஆண்டு ஈல்டைப் பூஜ்ஜியத்தை ஒட்டி வைப்போம் என்றது. முதல் சில ஆண்டுகள் சுகமாகப் போயின. வாக்கை நம்பிச் சந்தையே அந்த விலையில் நின்றது, அதற்கு முன் ஆண்டுக்கு 80 டிரில்லியன் யென் என்றிருந்த கொள்முதல் தானாகக் குறைந்தது. குறைந்த செலவில் அதே பலன் என்று பாராட்டுகள் குவிந்தன. 2022-இல் உலகமே வட்டியை ஏற்றத் தொடங்கியதும் வரிசை நீண்டது. கால் சதவீதத்துக்கு மேல் ஈல்டு போகாமல் காக்க நாள்தோறும் வரம்பில்லாமல் வாங்கினார்கள். அக்டோபரில் புதிய பத்து ஆண்டுப் பத்திரத்தில் தொடர்ந்து நான்கு வேலைநாட்கள் ஒரு வியாபாரம்கூட நடக்கவில்லை. உலகின் மிகப்பெரிய பத்திரச் சந்தைகளில் ஒன்று அது! விலை சொல்ல வேறு ஆளே இல்லாமல் போய்விட்டது. டிசம்பர் 20 அன்று வரம்பை அரை சதவீதமாகத் தளர்த்தினார்கள். இது அடுத்த தளர்வுக்கு அறிகுறி என்று சந்தை எடுத்துக்கொண்டது, 2023 ஜனவரி ஒரே மாதத்தில் 23 டிரில்லியன் யென்னுக்கு மேல் வாங்க வேண்டியதாயிற்று. நாட்டின் அரசுப் பத்திரங்களில் பாதிக்கு மேல் பாங்க் ஆஃப் ஜப்பானின் கையில் சேர்ந்தது.

ஈல்டைக் கட்டிவைத்தால் அழுத்தம் வேறு எங்காவது வெடிக்கும். ஜப்பானில் அது யென்னில் வெடித்தது. 2022 தொடக்கத்தில் டாலருக்கு 115 யென், அக்டோபரில் 150-ஐத் தாண்டியது. மத்திய வங்கி ஒரு கையால் யென்னை உருவாக்கிப் பத்திரம் வாங்க, நிதியமைச்சகம் இன்னொரு கையால் டாலரை விற்று யென்னைத் தூக்கிப்பிடித்த வினோதம் அந்த ஆண்டு நடந்தது. கசுவோ உவேடா ஆளுநரான பிறகு வரம்பைப் படிப்படியாக ஒரு சதவீதத்துக்கு நகர்த்தி, வெறும் குறிப்பெண் ஆக்கி, 2024 மார்ச் 19 அன்று மைனஸ் வட்டியோடு சேர்த்து மூடினார். நிதானமாகச் செய்தார், பாராட்ட வேண்டும். ஆனாலும் 2024 ஜூலை கடைசியில் வட்டியைக் கால் சதவீதமாக ஏற்றிய சில நாட்களில், மலிவு யென்னைக் கடன் வாங்கி உலகெங்கும் முதலீடு செய்தவர்கள் ஓட்டமெடுக்க, ஆகஸ்ட் 5 அன்று நிக்கேய் பங்குக் குறியீடு ஒரே நாளில் 12.4 சதவீதம் விழுந்தது.

ஆஸ்திரேலியாவுக்கு அந்த நிதானம்கூட வாய்க்கவில்லை. 2020 மார்ச்சில் மூன்று ஆண்டு ஈல்டை 0.25 சதவீதத்திலும் பிறகு 0.10-இலும் நிறுத்தினார்கள். 2021 அக்டோபர் கடைசியில் பணவீக்கப் புள்ளிவிவரம் எதிர்பார்த்ததைவிட அதிகமாக வந்தது, சந்தை பத்திரத்தைத் தள்ளிவிட்டது. மத்திய வங்கி வாங்க வரவில்லை, ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. சில நாட்களில் ஈல்டு இலக்கைப் போலப் பல மடங்கு போய்விட்டது, நவம்பர் 2 அன்று கொள்கையையே கைவிட்டார்கள். வெளியேறிய விதம் ஒழுங்கற்றது, நற்பெயருக்குக் கேடு என்று அந்த வங்கியின் சொந்த ஆய்வறிக்கையே பிறகு ஒப்புக்கொண்டது.

இலங்கை இந்தக் கருவியை இந்தப் பெயரில் அறிவிக்கவில்லை. ஆனால் 2020-இலிருந்து கருவூல உண்டியல் (அரசின் குறுகியகாலக் கடன் பத்திரம்) ஏலங்களில் வட்டிக்கு வரம்பு கட்டி, அந்த வட்டிக்கு யாரும் வாங்க வராத மிச்சத்தை மத்திய வங்கி எடுத்துக்கொண்டபோது நடந்தது இதேதான், இன்னும் மோசமான வடிவில். டாலருக்குச் சுமார் 200 ரூபாய் என்று நாணய விலையையும் கூடவே பிடித்துவைத்திருந்தார்கள். இரண்டு விலை வாக்கு, இரண்டையும் காப்பாற்றக் கையிருப்பு இல்லை. 2022 மார்ச்சில் நாணயம் அவிழ்ந்தது, ஏப்ரலில் வெளிநாட்டுக் கடன் கட்டுவது நின்றது, அதே மாதம் வட்டியை ஒரேயடியாக 7 சதவீதப் புள்ளி ஏற்றினார்கள். செப்டம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைக் குறியீட்டின்படி பணவீக்கம் 69.8 சதவீதம். யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் சேமிப்பை ரூபாயில் வைத்திருந்த குடும்பங்களுக்கு அந்த எண் என்ன செய்தது என்று இங்கே விளக்கத் தேவையில்லை. 2023-இல் வந்த புதிய மத்திய வங்கிச் சட்டம் அரசிடமிருந்து நேரடியாகப் பத்திரம் வாங்குவதைத் தடை செய்துவிட்டது.

ஜப்பான் தப்பியதற்கும் இலங்கை விழுந்ததற்கும் காரணம் உண்டு. ஜப்பானின் அரசுக்கடன் யென்னில் இருக்கிறது, பெரும்பகுதியை ஜப்பானியர்களே வைத்திருக்கிறார்கள், வெளிநாட்டில் அவர்களுக்கு மலைபோல் சொத்து இருக்கிறது. இந்த மூன்றும் இல்லாத நாடு ஈல்டு வரம்பைப் பற்றி யோசிக்கவே கூடாது.

வாக்கு மட்டும் கொடுப்பது

செலவே இல்லாத கருவி. அதிலும் இருவேறு அனுபவங்கள். 2012 ஜூலை 26 அன்று ஐரோப்பிய மத்திய வங்கியின் அன்றைய தலைவர் மரியோ த்ராகி, யூரோவைக் காக்க எது தேவையோ அதைச் செய்வோம், அது போதுமானதாக இருக்கும் என்று லண்டனில் சொன்னார். செப்டம்பரில் அதற்கு ஒரு பத்திரக் கொள்முதல் திட்டமும் வந்தது. இன்றுவரை அந்தத் திட்டத்தில் ஒரு யூரோவும் செலவாகவில்லை. ஏழு சதவீதத்துக்கு மேல் போயிருந்த ஸ்பெயினின் ஈல்டு இறங்கியது. அளவோ விலையோ தேதியோ எதுவும் சொல்லாமல் ஜெயித்த வாக்கு அது. நான் மேலே சொன்ன பிரிவினைக்குள் அடங்காத ஒன்று என்பதையும் சொல்லிவிடுகிறேன். யூரோ உடைந்துவிடும் என்ற பயமே அன்றைய நோயாக இருந்ததால், வாக்கே மருந்தாகிவிட்டது.

ஆஸ்திரேலிய ஆளுநர் ஃபிலிப் லோ, 2024 வரை வட்டி ஏற வாய்ப்பில்லை என்று திரும்பத் திரும்பச் சொன்னார். ‘பொருளாதாரம் இப்படி இருந்தால்’ என்ற நிபந்தனையும் உரையில் இருந்தது. வீட்டுக்கடன் வாங்கப் போனவர் காதில் விழுந்தது 2024 மட்டும்தான். 2022 மே மாதமே வட்டி ஏறத் தொடங்கியது. அந்த ஆண்டு நவம்பரில் நாடாளுமன்றக் குழுவின் முன், தன் பேச்சை நம்பிக் கடன் வாங்கியவர்களிடம் வருத்தம் தெரிவித்தார். அவருக்குப் பதவி நீட்டிப்பும் கிடைக்கவில்லை. தேதி சொல்லும் வாக்கும் ஒரு விலை வாக்குதான், வாங்க வேண்டிய பத்திரம் மட்டும் இல்லை.

நிபந்தனையோடு நீண்டகாலக் கடன்

இதில் எனக்குப் பிடித்த அம்சம், வெளியேறும் வழி ஒப்பந்தத்திலேயே இருக்கிறது. மூன்று ஆண்டுக் கடன் மூன்று ஆண்டில் திரும்பி வந்துவிடும். அதற்கென்று தனியாக ஓர் அறிவிப்போ, சந்தை அதிர்ச்சியோ தேவையில்லை. ஐரோப்பிய மத்திய வங்கி 2020 ஜூனில் ஒரே ஏலத்தில் 1.31 டிரில்லியன் யூரோவை 742 வங்கிகளுக்குக் கொடுத்தது, பிறகு அது ஏறக்குறைய சத்தமில்லாமல் திரும்பியது.

ஆனால் பணம் போகவேண்டிய இடத்துக்குப் போகுமா என்பதில்தான் சிக்கல், இங்கே நம் ரிசர்வ் வங்கியின் 2020 அனுபவம் தங்கம். மார்ச் 27 அன்று ரெப்போவை, அதாவது தான் வங்கிகளுக்குக் கடன் தரும் வட்டியை, 4.4 சதவீதமாகக் குறைத்து, வங்கிகளுக்கு ஒரு லட்சம் கோடி ரூபாய் மூன்று ஆண்டுக் கடன் அறிவித்தார்கள், கம்பெனிப் பத்திரங்களில் போடவேண்டும் என்ற நிபந்தனையோடு. வங்கிகள் போட்டி போட்டு வாங்கின. பணம் பெரும்பாலும் முதல்தரக் கம்பெனிகளின் பத்திரங்களுக்குப் போனது, கடன் கிடைக்காமல் தவித்தவர்கள் அவர்கள் இல்லை. ஏப்ரல் 15 அன்று வங்கிகள் ரிசர்வ் வங்கியிடமே ரிவர்ஸ் ரெப்போவில் திருப்பிப் போட்டிருந்த தொகை 6.9 லட்சம் கோடி. இரண்டு நாள் கழித்து இரண்டாம் கட்டம் வந்தது. 50,000 கோடி, அதில் பாதியாவது சிறு, நடுத்தர நிதி நிறுவனங்களுக்கும் குறுங்கடன் நிறுவனங்களுக்கும் போகவேண்டும் என்று இந்த முறை இறுக்கிக் கட்டினார்கள். ஏப்ரல் 23 அன்று 25,000 கோடிக்கு ஏலம் விட்டார்கள். வந்த கேட்பு 12,850 கோடி மட்டும்.

4.4 சதவீதத்துக்குப் பணம் தருகிறேன் என்றும் வாங்க ஆளில்லை! வட்டி பிரச்சினையாக இருக்கவில்லை. கொடுத்த கடன் திரும்பாவிட்டால் நஷ்டம் வங்கியின் தலையில் விழும் என்ற பயம்தான் பிரச்சினை. மத்திய வங்கியால் பணத்தைக் கொடுக்க முடியும், தைரியத்தைக் கொடுக்க முடியாது. அதைக் கொடுத்தது மே மாதம் மத்திய அரசு அறிவித்த 3 லட்சம் கோடி ரூபாய்க் கடன் உத்தரவாதத் திட்டம். நஷ்டம் வந்தால் அரசு ஏற்கும் என்றதும் அதே வங்கிகள் சிறுதொழில்களுக்குக் கடனைத் திறந்துவிட்டன. திருப்பூர் பின்னலாடைக்காரரும் கோவை பம்ப் உற்பத்தியாளரும் அந்த ஆண்டில் வங்கிப் படியேறியது பெரும்பாலும் அந்தத் திட்டத்துக்காகத்தான்.

சரி, எதை எடுப்பது?

அடைப்பு எங்கே இருக்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும். பத்திரச் சந்தையே உறைந்துபோனால் பிரிட்டன் 2022-இல் செய்தது போல அளவும் கடைசித் தேதியும் போட்டுப் பத்திரம் வாங்குவது சரி. ரிசர்வ் வங்கி 2021 ஏப்ரலில் அரசுப் பத்திரக் கொள்முதல் திட்டத்தை அறிவித்தபோது முதல் காலாண்டுக்கு 1 லட்சம் கோடி, அடுத்ததற்கு 1.2 லட்சம் கோடி என்று அளவைச் சொல்லித்தான் செய்தது, அக்டோபரில் நிறுத்தியது. 2013-ஐ வாங்கிக் கட்டிக்கொண்ட நாடு அதிலிருந்து கற்றுக்கொண்டது என்று நான் எடுத்துக்கொள்கிறேன். ஆனால் அதே காலத்தில் பத்து ஆண்டு ஈல்டை 6 சதவீதத்தை ஒட்டியே வைக்க விரும்பி, அதற்கு மேல் கேட்ட ஏலங்களை ஏற்காமல், விற்காத பத்திரத்தை எடுத்தாக வேண்டிய முதன்மை டீலர்கள் தலையில் பத்திரத்தைக் கட்டிய நாட்களும் உண்டு. ஈல்டு வளைவு (குறுகியகாலப் பத்திரம் முதல் நீண்டகாலப் பத்திரம் வரையிலான ஈல்டுகளின் வரிசை) ஒரு பொதுச்சொத்து என்று அன்றைய ஆளுநர் சக்திகாந்த தாஸ் சொன்னார். நல்ல சொற்றொடர். அறிவிக்கப்படாத விலை வாக்குக்கும் அதுவே பெயராகிவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

வங்கிகளிடம் பணம் இல்லாததுதான் அடைப்பு என்றால் நீண்டகாலக் கடன் போதும். பணம் இருந்தும் பயந்தால் மத்திய வங்கி ஒதுங்கி நின்று அரசின் உத்தரவாதத்துக்கு வழிவிட வேண்டும். மைனஸ் வட்டியையும் ஈல்டு வரம்பையும் இந்தியா பட்டியலிலிருந்தே எடுத்துவிடலாம். பங்குச் சந்தை நிதிகளை வாங்குவதையும் கூடவே எடுத்துவிட வேண்டும். பாங்க் ஆஃப் ஜப்பான் 2010-இலிருந்து அப்படி வாங்கிச் சேர்த்ததை விற்க 2025 செப்டம்பரில் ஒரு திட்டம் அறிவித்தது. கொள்முதல் விலைக் கணக்கில் ஆண்டுக்கு 33,000 கோடி யென். அந்த வேகத்தில் விற்று முடிக்க நூறு ஆண்டுக்கு மேல் ஆகும் என்று உவேடாவே சொன்னார்.

அரசு வெளியிடும் பத்திரத்தை ஏலத்தில் நேரடியாக வாங்கக் கூடாது என்று நிதிப் பொறுப்புச் சட்டம் 2006 ஏப்ரலிலிருந்து ரிசர்வ் வங்கியைத் தடுத்துவைத்திருக்கிறது. 2018-இல் வந்த திருத்தத்தில், பற்றாக்குறை இலக்கைத் தளர்த்தும் அசாதாரண நிலைமைகளில் அந்தக் கதவைத் திறக்க இடம் உண்டு. 2020-இல் திறக்கச் சொல்லிக் குரல்கள் எழுந்தன, திறக்கவில்லை. அடுத்த நெருக்கடியில் அந்தக் குரல்கள் மறுபடி எழும். அப்போது கேட்க வேண்டியவை இரண்டுதான்: எவ்வளவு, எந்தத் தேதி வரை? இரண்டுக்கும் எண் வராவிட்டால், கதவு மூடியே இருக்கட்டும்.